கண் விழித்தது, உடம்பு விழிக்கவில்லை

கல்லூரி மூன்றாம் ஆண்டு, தேர்வு நேரம். இரண்டு இரவுகள் சரியாகத் தூங்காமல் படித்துவிட்டு, மூன்றாம் நாள் விடுதி அறையில் மல்லாந்து விழுந்தேன். விடிகாலை நாலு மணி வாக்கில் விழிப்பு வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கொடியில் கிடந்த துண்டு தெரிந்தது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு நண்பன் தாள் புரட்டும் சத்தமும் கேட்டது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றப் பார்த்தேன், கை வரவில்லை. கால் வரவில்லை. நண்பனைக் கூப்பிடப் பார்த்தேன், நாக்கு கல்லாகக் கிடந்தது. அதற்குள் கதவுப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. முகம், உருவம் எதையும் பார்க்கவில்லை. நிற்கிறார்கள் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அந்த ஆள் நெருங்கி வர வர, நெஞ்சின் மேல் நெல் மூட்டையை இறக்கியது போல் பாரம் ஏறியது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். எப்படியோ வலது கைச் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. உடனே எல்லாம் விலகிவிட்டது. நண்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் மட்டும் சொன்னேன். “அது அமுக்குவான்யா. மல்லாக்கப் படுத்திருப்ப. இனிமே ஒருக்களிச்சுப் படு” என்றார். அன்று ராத்திரி தன் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்தார். இரும்பு இருந்தால் அது கிட்டே வராதாம்.

அமுக்குவான், அமுக்குப் பேய் என்று நம் ஊர்களில் சொல்லும் இந்த அனுபவத்துக்கு மருத்துவத்தில் ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். உறக்க முடக்கம் எனலாம். தூக்கம் என்றால் என்ன, கனவு என்றால் என்ன, ‘நான் விழித்திருக்கிறேன்’ என்பதற்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் இவை மூன்றும் சேர்ந்து அவ்வளவு இசைவாக ஓடுவதால், உள்ளே எத்தனை பாகங்கள் இருக்கின்றன என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஏதாவது ஒன்று பிந்தினால்தான் கண்ணில் படுகிறது.

முதலில் தூக்கம். படுத்ததும் மூளை அணைந்துவிடுகிறது, காலையில் மறுபடி எரிகிறது என்றுதான் 1950 வரைக்கும் அறிவியலாளர்களே பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் அந்த எண்ணத்தை மாற்றினார். தூங்குகிறவர்களின் கண் இமைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. 1951ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பழைய பதிவுக் கருவியைத் தேடி எடுத்துச் சரிசெய்து, எட்டு வயது மகன் ஆர்மண்டைப் படுக்கவைத்து, அவனுடைய கண்ணோரங்களில் மின்முனைகளை ஒட்டினார். பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆனால் சிறிது நேரம் கழித்துக் காகிதச் சுருளில் பேனா மேலும் கீழும் துள்ள ஆரம்பித்தது. கண்கள் பரபரவென்று அலைகின்றன என்று அதற்குப் பொருள். மூளை அலைகளும் விழித்திருக்கும் ஆளுடையவை போலவே இருந்தன. கருவிதான் கெட்டுவிட்டது என்று அசெரின்ஸ்கி முதலில் சந்தேகப்பட்டார். அவருடைய பேராசிரியர் நத்தேனியல் க்ளைட்மனும் லேசில் நம்பிவிடவில்லை. தன் மகளையே படுக்கவைத்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். 1953இல் இருவரும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கண் அலையும் நேரத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் விலாவாரியாகக் கனவைச் சொன்னார்கள். கண் அசையாத நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் நினைவில்லை என்றார்கள்.

ஒரு தகப்பன் தன் பிள்ளை தூங்குவதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்த கண்டுபிடிப்பு இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆதிகாலம் முதல் தாய்மார்கள் எல்லாரும் பார்த்ததுதான்: குழந்தை தூக்கத்தில் இமைக்குள் கண்ணை உருட்டும், உதட்டைச் சுழித்துச் சிரிக்கும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான்.

இந்தத் தூக்கத்துக்கு, கண் வேகமாக அசைவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரெம்’ என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கு ஓர் இரவு ஓடும் விதம் இதுதான்: படுத்ததும் லேசான தூக்கம், பிறகு ஆழ்ந்த தூக்கம், அதன் பின் ரெம். இது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். இரவில் நாலைந்து சுற்றுகள். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் கொஞ்சம்தான். விடிய விடிய ரெம் நீண்டுகொண்டே போகும். மொத்தத் தூக்கத்தில் நாலில் ஒரு பங்கு வரை அதற்குப் போய்விடுகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். பலிப்பது ஒருபுறம் இருக்கட்டும், விடியற்காலைக் கனவுதான் நினைவில் நிற்கும். நீளமான ரெம்மும், அதிலிருந்து நேராக விழித்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான்.

கனவு ரெம்மில் மட்டுமே வரும் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. அது முழு உண்மையில்லை. மற்றத் தூக்கத்தில் எழுப்பினாலும் பலர் ஏதோ ஒரு காட்சியை, ஓடிக்கொண்டிருந்த ஒரு நினைப்பைச் சொல்கிறார்கள். ஆனால் கதை போல நீண்டு, உணர்ச்சி கொந்தளிக்கும் கனவுகள் ரெம்மில்தான் அதிகம்.

இனி பூட்டு. ரெம் நேரத்தில் மூளை இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால், கனவில் ஓடும்போது நாம் கட்டிலை விட்டு நிஜமாகவே ஓடவேண்டுமே? ஓடுவதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பூனைகளை வைத்து ஆராய்ந்த மிஷெல் ஜூவே. மூளை விழித்திருப்பது போலவும் தசைகள் அறவே தளர்ந்தும் இருக்கும் இந்த நிலையை 1959இல் அவர் ‘முரண்தூக்கம்’ என்று அழைத்தார். மூளைத்தண்டில் பான்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. ரெம் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பும் உத்தரவு முதுகுத்தண்டு வரை இறங்கி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. ஓடு என்று மேலே மூளை சொல்வது கால் வரை போய்ச் சேராது. ஜூவே பூனைகளின் பான்ஸில் அந்த இடத்தை மட்டும் சிதைத்துப் பார்த்தார். பூனைகள் தூங்கியபடியே எழுந்து நின்றன, இல்லாத இரையை நோக்கிப் பதுங்கின, பாய்ந்தன.

மனிதர்களிலும் இந்தப் பூட்டு கழன்றுபோனவர்கள் இருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் இருவரும் அவர்களைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள். கனவில் சண்டை போட்டால் நிஜத்தில் கையை ஓங்குவார்கள், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு அடிபடும். இவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து பார்கின்சன் நோய் வருவது பின்னால் தெரியவந்தது. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் புதிதாகத் தொடங்கியிருந்தால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூட்டுக்கு அடங்காதவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மூச்சை நடத்தும் உதரவிதானம். இன்னொன்று, கண்ணை அசைக்கும் தசைகள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் விடுதி அறைக்குத் திரும்புகிறேன். நான் ரெம்மில் இருந்தேன். பூட்டு போட்டிருந்தது. ஏதோ ஒரு காரணத்தால் விழிப்பு முந்திக்கொண்டது, பூட்டு திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வழக்கமாக இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். அன்று ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் ஆகிவிட்டது. சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் பூட்டு தானாகத் திறந்துவிடும்.

அப்படியென்றால் நெஞ்சில் ஏறிய பாரம்? அதற்குத்தான் உதரவிதானம். ரெம் தூக்கத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. உதரவிதானம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். தூங்குகிற ஆளுக்கு அந்த மேலோட்டமான மூச்சே போதும். ஆனால் நாம் விழித்துவிட்டோம், பயந்துவிட்டோம். பயந்த ஆள் என்ன செய்வான்? நெஞ்சை விரித்து மூச்சை ஆழமாக இழுக்கப் பார்ப்பான். நெஞ்சு விரியாது, ஏனென்றால் அதை விரிக்கும் தசை பூட்டுக்குள் இருக்கிறது. இழுக்கிறோம், வரவில்லை. மேலே யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள் என்பதைத் தவிர வேறு எப்படித்தான் மூளை இதைப் புரிந்துகொள்ளும்? அமுக்குவான் என்ற பெயரை வைத்தவர் யாரோ, தன் உடம்பில் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். அந்த நேரத்திலும் மூச்சு நின்றுவிடவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உதரவிதானம் உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

கதவருகே நின்ற ஆளுக்கு வருவோம். ரெம் நேரத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா தீவிரமாக இயங்கும். நிதானித்து யோசிக்கவும், ‘இது நடக்கக்கூடியதா’ என்று கேட்கவும் உதவுகிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அடங்கியிருக்கும். செத்துப்போன மாமா கனவில் வந்து காபி குடித்தாலும் நாம் ஆச்சரியப்படாமல் இருப்பது அதனால்தான். உறக்க முடக்கத்தில் இந்தப் பயமும், கனவின் காட்சிகளும் விழித்த கண்ணுக்கு முன்னால் வந்து விழுகின்றன. மின்விசிறி நிஜம், துண்டு நிஜம், ஆள் கனவு. மூன்றும் ஒரே படத்தில்.

பார்க்காமலேயே ஆள் இருப்பது ‘தெரிந்தது’ என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு தடயம் உண்டு. 2006இல் சுவிட்சர்லாந்தில் ஓலஃப் ப்ளாங்கே குழுவினர், வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு பெண்ணின் மூளையைப் பரிசோதித்தார்கள். இடது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள பகுதியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியதும், தனக்குப் பின்னால் யாரோ இருப்பதாக அந்தப் பெண் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த நிழலும் படுத்திருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தால் நிழலும் உட்கார்ந்து, அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டது. நம் உடம்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் பகுதி அது. கணக்கு பிசகினால் தன் உடம்பே இன்னொரு ஆளாகத் தெரிகிறது. உறக்க முடக்கத்தில் மூளை அசையச் சொல்கிறது, அசைந்ததாகத் தகவல் திரும்பி வருவதில்லை. அந்தக் கணக்கு அப்போதும் குழம்பக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிலர் மிதப்பது போலவும், உடம்பைவிட்டு மேலே போய்த் தன்னையே பார்ப்பது போலவும் உணர்வதற்கும் அதே காரணம் இருக்கலாம்.

உலகம் முழுக்க இந்த ஆள் வந்து போயிருக்கிறான். ஜப்பானில் கனஷிபாரி, தாய்லாந்தில் பீ அம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் உட்காரும் கிழவி, பிரேசிலில் கூரையிலிருந்து இறங்கி வயிற்றை மிதிக்கும் பிசாதெய்ரா. பெயரும் உருவமும் ஊருக்கு ஊர் மாறுகின்றன, பாரம் மட்டும் மாறவில்லை. ஐம்பது ஆண்டு கால ஆய்வுகளில் 36,000க்கும் மேற்பட்டவர்களிடம் கிடைத்த பதில்களை 2011இல் திரட்டிப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருந்தது. மாணவர்களில் 28.3 சதவீதம். தேர்வுக் காலத்து விடுதிகளில் தூக்கம் எப்படிச் சிதைகிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த எண் புதிதாகத் தோன்றாது.

இந்த முடக்கம் எனக்குக் காட்டிய மிகப் பெரிய விஷயம் பிரக்ஞையைப் பற்றியது. பிரக்ஞை என்று நான் சொல்வது, ‘எனக்கு ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது’ என்று உள்ளுக்குள் தெரிவதை. மயக்கம் போட்டவரை ‘நினைவில்லாமல் கிடந்தார்’ என்கிறோம், அந்த நினைவு. அது விளக்கு சுவிட்ச் மாதிரி, போட்டால் உண்டு, அணைத்தால் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை, பல சரடுகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு அது. அனுபவம் என்று ஒன்று இருப்பது ஒரு சரடு. வெளியுலகம் கண்ணிலும் காதிலும் வந்து சேர்வது இன்னொன்று. ‘இது நான், இப்போது இன்ன நிலையில் இருக்கிறேன்’ என்று தன்னையே பார்த்துக்கொள்வது வேறொன்று. உடம்பு சொன்னபடி கேட்பது மற்றொன்று. பகலில் நாலும் சேர்ந்திருக்கும். கனவில் அனுபவம் உண்டு, உலகம் இல்லை, தன்னைப் பார்க்கும் கண் மூடியிருக்கும், உடம்பு பூட்டியிருக்கும். தூக்கத்தில் நடப்பவருக்கு நேர்மாறு: அவர் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக எழுந்தவர். உடம்பு கேட்கிறது, கதவைத் திறக்கிறது, படியிறங்குகிறது, ஆனால் ‘நான்’ அங்கே இல்லை. அமுக்குவானில் உடம்பைத் தவிர மூன்றும் விழித்திருக்க, மேலே கனவும் வந்து கலக்கிறது.

நம் மரபில் இதை வெறும் தூக்கம், விழிப்பு என்று இரண்டாக வெட்டிவிடவில்லை என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று சைவ சித்தாந்தத்தில் ஐந்து அவத்தைகள். அவர்கள் தேடியது வேறு, ஆய்வகம் தேடுவது வேறு. ஆனாலும் உள்ளே பல படிகள் இருப்பதை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்.

சரடுகள் வேறொரு விதமாகவும் சேரும். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுவது சிலருக்கு உண்டு. தெளிகனவு. தூங்குகிறவனுக்குத் தான் கனவு காண்பது எப்படித் தெரியும், விழித்த பிறகு சொல்கிற கதை அது என்று ஆய்வாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். உடம்போ பூட்டில் கிடக்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே எப்படிச் சொல்வார்? கண்ணுக்குப் பூட்டு இல்லை என்று பார்த்தோமே, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் முன்கூட்டியே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமும் மாறி மாறி ஓட்டினார். கருவியில் அது தெளிவாகப் பதிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளின் குழுக்கள் இன்னொரு படி மேலே போயின: தூங்குகிறவரிடம் கேள்வி கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று வெளியே இருந்து கேட்க, ரெம் தூக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் கண்ணை இரண்டு முறை இட வலமாக அசைத்துப் பதில் சொன்னார்.

சரி, அமுக்குவான் வந்தால் என்ன செய்வது? முதலில், ஆபத்தில்லை. மாரடைப்பும் இல்லை, மனநோயும் இல்லை. எப்போதாவது ஒருமுறை வருவதற்கு மருந்தும் தேவையில்லை. தூக்கம் கெடும்போதும், இரவுப் பணி மாறி மாறி வரும்போதும், மன உளைச்சலிலும் அதிகம் வரும். மல்லாந்து படுக்கும்போது அதிகம் வருவதாகப் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆச்சி சொன்ன ‘ஒருக்களிச்சுப் படு’ என்பதை இன்றைய தூக்க மருத்துவரும் சொல்கிறார். பாக்குவெட்டிக்கு அப்படியொரு ஆதாரம் இல்லை. ஆனால் பயந்துபோன பையன் அன்று நிம்மதியாகத் தூங்கினான், அது எனக்குத் தெரியும்.

வந்துவிட்டால் மொத்த உடம்பையும் உதறி எழ முயலாதீர்கள். அது பயத்தைத்தான் கூட்டும். மூச்சை ஆழமாக இழுக்காமல் அதன் போக்கில் விடுங்கள். ஒரு விரல், அல்லது கால் கட்டைவிரல், அதில் மட்டும் கவனத்தை வையுங்கள். விலகியதும் அப்படியே திரும்பப் படுத்தால் மறுபடி அதே இடத்தில் போய் விழ வாய்ப்புண்டு. எழுந்து விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பக்கவாட்டில் படுங்கள். அடிக்கடி வந்தால், அதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் திடீரென்று மடிந்து போவதும் சேர்ந்திருந்தால், அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கக்கூடும். மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும், சிகிச்சை உண்டு.

போன வருடம் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு நாள் தொலைபேசியில், சுற்றி வளைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “மாமா, ராத்திரி யாரோ நெஞ்சு மேல ஒக்காந்தாங்க” என்றான். வீட்டில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்களோ, பைத்தியம் என்பார்களோ என்று ஒரு வாரம் மனதிலேயே வைத்திருந்திருக்கிறான். எனக்கும் வந்திருக்கிறது என்றதும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “அப்போ உன்னால கண்ணை மட்டும் அசைக்க முடிஞ்சுதா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா மாமா, சுவத்துக் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். நாலு அம்பது” என்றான். பூட்டைப் பற்றியும் உதரவிதானத்தைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். பிறகு அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, அவன் தூக்கத்தில் முனகினால் பயப்படாமல் தோளைத் தொட்டு உலுக்கு, பெரும்பாலும் அதிலேயே கலைந்துவிடும் என்றேன். அந்த வாரத்திலிருந்து அக்கா அவன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறாள்.